உள்ளே இருப்பவனெல்லாம் நம்மவனா?



கணேஷ்கிண்ட் சாலையில் செல்லும்போது காஸ்மாஸ் வங்கியின் தலைமையகத்தைப் பார்த்திருப்பீர்கள். 1906-இல் தோன்றிய அந்தக் கூட்டுறவு வங்கியில், 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11, 13 ஆகிய நாள்களில் ஏறத்தாழ 94 கோடி ரூபாய் களவு போயிற்று. பூட்டு உடையவில்லை, சுவரில் துளை விழவில்லை.

களவு நடந்த வகை அறியத்தக்கது. 28 நாடுகளில் ஏ.டி.எம். பொறிகளில் போலி அட்டைகள் செருகப்பட்டன. ‘பணம் தரலாமா?’ என்னும் கேள்வி வழக்கம்போல் வங்கிக்கு வந்தது. அதனைக் கணக்கேட்டுடன் ஒப்பிட்டு விடை தர வேண்டியது ‘ஸ்விட்ச்’ என்னும் கணினி அமைப்பு. கள்வரோ போலி ஸ்விட்ச் ஒன்றை நிறுவிவிட்டனர். அது கணக்கைக் கேளாமலே, ‘தரலாம், தரலாம்’ என்று விடை பகர்ந்தது. விடை வங்கிக்குள்ளிருந்து வந்ததன்றோ? ஐயுறுவார் யார்? பொறிகள் பணத்தைக் கொட்டின. இரண்டு நாள் கழித்து ஹாங்காங்கிலுள்ள ஒரு கணக்குக்கு ஏறத்தாழ 14 கோடி பறந்தது. 2023-இல் புனே நீதிமன்றம் 11 பேரைத் தண்டித்தது.

‘உள்ளே இருப்பது நம்முடையது’ என்ற எண்ணத்தைத்தான் ‘ஜீரோ டிரஸ்ட்’ கொள்கை மறுக்கிறது. 2010-இல் ஜான் கிண்டர்வாக் என்பார் அதற்கு அப்பெயரிட்டார். கேட்பவன் யார், எந்தக் கருவியிலிருந்து கேட்கிறான், இந்த ஒன்றைக் காண அவனுக்கு உரிமை உண்டா என ஒவ்வொரு முறையும் உசாவ வேண்டும் என்பதே அதன் சாரம். நம் ஆய்வேடும் மதிப்பெண்ணும் கிளவுடில் கிடக்கும் இந்நாளில் உள், வெளி என்று பிரிக்கச் சுவர்தான் எங்கே?

தெளிந்தபின் ஒருவரை ஐயுறுதல் தீராத் துன்பம் தரும் என்றாரே வள்ளுவர் எனச் சிலர் கேட்கலாம். அவர் சொன்னது மனிதரைப் பற்றி. திரைக்கு அப்பால் வருவது மனிதனன்று, ஒரு கடவுச்சொல். அதை யார் கையில் வைத்திருக்கிறார் என்பது எவர்க்குத் தெரியும்? இரண்டாம் முறை ஓடிபி கேட்டால் முகம் சுளிக்கும் நண்பர்களுக்கு இதையே சொல்வேன்.

வங்கியை மட்டும் குறை கூறிப் பயனில்லை. நம் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலும் வரவு செலவுக் கணக்கும் ஒரே கடவுச்சொல்லில் அடங்கியுள்ளன. பட்டம் பெற்றுச் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் சென்றுவிட்ட முன்னாள் செயலாளர்களிடமும் அது இன்றளவும் இருக்கிறது. அவர்கள் நல்லவர்கள்தாம், அவர்களுடைய கைப்பேசி தொலைந்தால்? அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் பழைய கடவுச்சொல்லை மாற்றி, பொறுப்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி அனுமதி, அவரவர் பணிக்கு வேண்டிய அளவே வழங்கத் தீர்மானம் கொண்டுவருகிறேன். ஆதரிப்போர் கூட்டத்திற்கு வருக; எதிர்ப்போரும் வருக.