புதினம் பிறக்கும் இடம்

திருவண்ணாமலைக்கு அருகே, வேலூர்ச் சாலையில் அமைந்துள்ளது வேங்கிக்கால் என்னும் ஊர். மழைக்காலத்தில் மலைமேற் பெய்யும் நீர் பாறைகளில் மோதி, ஓடைகளாய்ப் பிரிந்து, நாற்புறமும் ஓடி மறைகின்றது. அந்நீரில் ஒரு பகுதி வேங்கிக்கால் ஏரியில் தங்கி நிற்கின்றது. மழை எல்லா இடத்திற்கும் பொது. தேங்கும் நீரோ கரை கட்டிய இடத்திற்கே உரியது. புதினம் எழுதுவோரைத் தூண்டுவது யாது என்று ஆராய்வார்க்கு இவ்வேரி ஏற்றதோர் உவமையாகும்.

எழுத்தாளர்க்குத் தூண்டுதல் எங்கிருந்து வருகின்றது என்னும் வினாவிற்கு இருவகை விடைகள் கூறப்படுவதுண்டு. வானினின்று மின்னல் இறங்குவதுபோல, அருள் திடீரென இறங்கி எழுதுவிக்கின்றது என்பர் சிலர். கண்டதையும் கேட்டதையும் ஏட்டில் இறக்கினால் அதுவே புதினமாகும் என்பர் வேறு சிலர். இவ்விரண்டும் முழு உண்மை ஆகா. முன்னரே உள்ளத்தில் எழுந்து, விடை காணாமல் நின்று வருத்தும் ஒரு வினாவே கதைக்கு முதற்காரணம். புறத்தே நிகழும் நிகழ்ச்சி, அவ்வினாவிற்கு உருவம் தரும் துணைக்காரணமே ஆகும்.

புதினம் என்னும் இலக்கிய வகை தமிழுக்குப் புதியது. எனினும், கதை பிறக்கும் முறை பழையதே. மலைவாழ் குறவர், வேங்கை மர நிழலில் நின்ற பெண்ணொருத்தி வானுலகு சென்ற வியப்பை இளங்கோவடிகளிடம் கூறினர். உடனிருந்த சாத்தனார் அவளது வரலாற்றை விளக்கினார். இதனைச் சிலப்பதிகாரப் பதிகம் உணர்த்துகின்றது. அதே செய்தி சேரன் செங்குட்டுவன் செவிக்கும் எட்டியது. அவன் இமயத்தினின்று கல் கொணர்ந்து கண்ணகிக்குக் கோயில் எடுத்தான். அடிகளோ காப்பியம் படைத்தார். செய்தி ஒன்றே, விளைவு இரண்டாயிற்று. இஃது ஏன்? அரசுரிமையைத் துறந்து துறவு பூண்டவர் அடிகள் என்று மரபு கூறும். ஆட்சி செய்வோர் அறம் தவறின் என்ன நேரும், ஊழின் வலிமை எத்தகையது என்னும் வினாக்கள், அரசைக் கைவிட்ட அவர் உள்ளத்தில் முன்னரே வேரூன்றியிருத்தல் இயல்பே அன்றோ? குறவர் கொணர்ந்த செய்தி அவ்வேருக்கு நீராயிற்று.

பிற்காலத்தில் இதற்குச் சான்றாக அமைந்த நிகழ்ச்சி ஒன்று திருவண்ணாமலையிலேயே நடந்தது. ஆங்கில நாவலாசிரியர் சாமர்செட் மாம் 1938ஆம் ஆண்டில் இந்தியாவிற்கு வந்தார். அப்போது அவருக்கு வயது அறுபத்து நான்கு. உலகப் புகழும் பெற்றிருந்தார். ரமண மகரிஷியைக் காண ஆசிரமத்திற்கு வந்தவர், அங்கே மயங்கி விழுந்தார். மகரிஷி அவர் இருந்த அறைக்கே வந்து அருகில் அமர்ந்தார். இருவரும் பெரும்பாலும் மௌனமாகவே இருந்தனர். ஆறாண்டுகளுக்குப் பின், 1944இல், மாம் எழுதிய ‘கத்தி முனை’ என்னும் பொருள்படும் தலைப்புடைய புதினம் வெளிவந்தது. அத்தலைப்பு கடோபநிடதத்தின் உவமையிலிருந்து எடுக்கப்பட்டது. போரில் தன்னைக் காத்த தோழன் உயிர் துறந்ததைக் கண்ட அமெரிக்க இளைஞன் ஒருவன், செல்வத்தையும் திருமணத்தையும் விலக்கி, வாழ்வின் பொருளைத் தேடி, இந்தியாவில் ஒரு முனிவரை அடைவதே அக்கதையின் சுருக்கம். கதையில் முனிவரின் பெயர் வேறு; ஆசிரமமும் திருவிதாங்கூரில் இருப்பதாகக் கூறப்படுகின்றது. ஆயினும் அம்முனிவரின் சாயலில் மகரிஷியைக் காணலாம்.

மாம் மயங்கியது ஆன்மிக அனுபவத்தினால் என்றே பலரும் பேசிக்கொண்டனர். அவரோ 1958இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் அதனை ஏற்கவில்லை; அத்தகைய மயக்கம் தமக்கு முன்னரும் வந்ததுண்டு என்றும், அது உடற்கோளாறே என்றும் எழுதினார். மகரிஷியிடம் அவர் கொண்ட மதிப்பு இதனாற் குறையவில்லை. இங்கே மற்றொன்றும் நோக்கத்தக்கது. வாணிக வாழ்வைக் கைவிட்டு வேறு வாழ்வு தேடும் அமெரிக்க இளைஞனின் கதையை அவர் 1921ஆம் ஆண்டிலேயே சிறுகதையாக எழுதிவிட்டார். எனவே, அவ்வினா அவருள்ளத்தில் பல்லாண்டுகள் கிடந்தது என்பது தெளிவு. அண்ணாமலை அவருக்கு வினாவைத் தரவில்லை. வினாவோடு வந்தவர்க்கு ஒரு முகத்தையும் ஒரு மௌனத்தையும் தந்தது. ஆசிரமத்திற்கு அந்நாளில் வந்தவர் எண்ணற்றோர். அவர்களெல்லாம் புதினம் எழுதிவிடவில்லை.

தமிழ்நாட்டுப் புதினங்களின் வரலாறும் இக்கருத்துக்கு அரண் செய்கின்றது. மாயூரத்தில் முன்சீப்பாக விளங்கிய வேதநாயகம் பிள்ளை, தமிழில் உரைநடை நூல்கள் இல்லாக் குறையை எண்ணி வருந்தினார். அவ்வருத்தமே 1879இல் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ ஆயிற்று. கல்கி, ஒத்துழையாமை இயக்கத்தில் பள்ளியை விட்டு வெளியேறிச் சிறை சென்றவர். நாட்டின் பெருமையை மீட்கும் வேட்கை மிக்கவர். ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரோடு மாமல்லபுரக் கடற்கரையில் அமர்ந்திருந்தபோது, அவ்வேட்கைக்குச் சிற்பங்கள் உருவம் தந்தன. பல்லாண்டுகள் மனத்திலிருந்த அக்காட்சி ‘சிவகாமியின் சபதம்’ ஆக 1944 முதல் தொடர்கதையாய் வெளிவந்தது.

வினாவும் நிகழ்ச்சியும் அமைந்துவிட்டால் மட்டும் போதுமோ எனின், போதாது, உழைப்பும் வேண்டும். இதற்கு ராஜம் கிருஷ்ணன் சிறந்த எடுத்துக்காட்டு. கணவரின் பணி நிமித்தம் நீலகிரியில் வாழ்ந்த காலத்தில் படகர் வாழ்வை அணுகிக் கண்டு, ‘குறிஞ்சித் தேன்’ என்னும் புதினத்தை 1963இல் அளித்தார். பின்னர்த் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரிடம் நேரிற் சென்று பழகி, 1979இல் ‘கரிப்பு மணிகள்’ எழுதினார். உப்பை உண்பவர் அனைவரும். அதனை விளைவிப்போர் கால்களின் புண்ணை எண்ணுவோர் எத்தனை பேர்? பிறர் துன்பத்தைக் கதையாக்குவோர், அத்துன்பத்தின் அருகிற் சென்று நிற்கக் கடமைப்பட்டவர். வீட்டிலிருந்தே ஏழையின் கண்ணீரை எழுதுதல் எளிது. ஆனால் அக்கண்ணீரில் உப்பிராது.

புகழையும் பொருளையும் கருதி எழுதுவோர் இல்லையோ எனச் சிலர் வினவலாம். உளர். பொருள்முடையில் எழுதப்பட்டு உயர்ந்த நூல்களும் உலகில் உள்ளன. எழுதுகோலைக் கையில் எடுப்பிக்கும் ஆற்றல் புகழுக்கும் பொருளுக்கும் உண்டு. ஆயினும், எழுதியதற்கு உயிர் கொடுக்க அவற்றால் இயலாது.

எழுத விரும்பும் மாணவர், தம் ஊரில் எழுதத்தக்கது எதுவுமில்லை என்று சோர்வதுண்டு. அச்சோர்வு தவறானது. வேங்கிக்காலிலேயே மாவட்ட ஆட்சியர் அலுவலகம் உள்ளது. திங்கட்கிழமைதோறும் தொலைவிலுள்ள சிற்றூர்களிலிருந்து மக்கள் அங்கே மனுக்களோடு வருகின்றனர். வாசலில் நிற்கும் மூதாட்டி ஒருத்தி, மடித்து மடித்து ஓரம் கிழிந்த தாளொன்றைக் கையில் வைத்திருக்கக் கூடும். அவ்வழியே செல்வோர் ஆயிரவர். ‘இத்தாள் இத்தனை முறை மடிக்கப்பட்டது ஏன்?’ என்று தன்னைத்தானே வினவி, அவளருகே சென்று அமர்ந்து, அவள் சொல்வதைப் பொறுமையுடன் கேட்பவன் எவனோ, அவனுக்கே அங்கே ஒரு கதை கிடைக்கும். தூண்டுதல் வரட்டும் என்று காத்திருப்பவன், கரை கட்டாமல் மழைக்குக் காத்திருப்பவனை ஒப்பான். மழை ஆண்டுதோறும் பெய்கின்றது. கரை கட்டுதலே மனிதன் செயல்.