இழுக்கும் வண்டிக்கு மட்டும் பிரேக் போதுமா?

கரும்பு அரைவைப் பருவம் தொடங்கியதும் மேற்கு மகாராஷ்டிரத்தின் சாலைகளில் ஒரு காட்சி மாதக்கணக்கில் நீடிக்கும். முன்னே ஒரு டிராக்டர். அதன் பின்னே ஆள் உயரத்திற்கும் மேலாகக் கரும்பு அடுக்கிய ஒரு டிரெயிலர். பல சமயங்களில் அதன் பின்னே மற்றொன்று. உத்தரப் பிரதேசத்திலும் பஞ்சாபிலும் இவ்வண்டிகளே கோதுமையையும் நெல்லையும் செங்கல்லையும் மணலையும் சுமந்து செல்கின்றன. இத்தனை பாரத்தை இச்சிறு யந்திரம் எவ்வாறு இழுக்கிறது என்று காண்போர் வியப்பதுண்டு. இத்தனை பாரத்தை அது எவ்வாறு நிறுத்தப் போகிறது என்று கேட்போர் மிகச் சிலரே.

டிராக்டர் நமது நாட்டில் உழவுக்காக வாங்கப்படுகிறது. ஆனால் அதன் உழைப்பில் கணிசமான பகுதி பாரம் இழுப்பதிலேயே செலவாகிறது. கலப்பையையும் விதைக்கும் கருவியையும் எவ்வாறு பூட்டுவது, எவ்வாறு சீர்படுத்துவது என்பதைக் கள ஊழியர்கள் விவசாயிகளுக்குப் பொறுமையோடு கற்பித்து வருகிறார்கள். டிரெயிலரைப் பற்றிய பாடமோ கொக்கியில் மாட்டி ஊசியைச் செருகுவதோடு முடிந்துவிடுகிறது. உள்ளூர்ப் பட்டறையில் செய்யப்படும் டிரெயிலர்களில் பல, பிரேக் என்ற ஒன்றே இல்லாமல் சாலைக்கு வருகின்றன. பிரேக் உள்ளவற்றிலும் அதனை டிராக்டரோடு இணைத்துச் சீர்படுத்தி ஓட்டுவோர் குறைவு. இந்நிலை மாறவேண்டும் என்பதும், அம்மாற்றம் சட்டத்தால் மட்டும் வராது, கற்பித்தலாலேயே வரும் என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

கணக்கு கூறும் உண்மை

"டிராக்டர் மெதுவாகச் செல்லும் வண்டிதானே, அதன் பிரேக்கே போதும்" என்பது பொதுவாகக் கூறப்படும் சமாதானம். இதனை ஓர் எளிய கணக்கால் சோதித்துப் பார்க்கலாம்.

டிராக்டரின் எடை 2,000 கிலோ என்றும், அதில் 1,200 கிலோ பின் சக்கரங்களின் மீது அமைந்துள்ளது என்றும் கொள்வோம். நமது டிராக்டர்களில் பெரும்பாலானவற்றிற்குப் பின் சக்கரங்களில் மட்டுமே பிரேக் உண்டு. உலர்ந்த தார்ச்சாலையில் டயரின் பிடிப்பு, அதன் மேலுள்ள எடையில் பத்தில் ஆறு பங்கு என்று வைத்துக்கொண்டால், அந்த டிராக்டர் தரக்கூடிய மிக அதிகமான தடை விசை 720 கிலோ ஆகும். டிராக்டர் தனியாகச் செல்லும்போது இது தாராளமாகப் போதும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் அவ்வண்டி, பிரேக் பிடித்த இடத்திலிருந்து சுமார் 7 மீட்டரில் நின்றுவிடும்.

இப்போது அதன் பின்னால் 6,000 கிலோ எடையுள்ள நான்கு சக்கர டிரெயிலரைப் பிரேக் இன்றி இணைப்போம். நிறுத்தவேண்டிய எடை 8,000 கிலோ ஆகிவிட்டது. நிறுத்தும் விசையோ அதே 720 கிலோதான். ஆதலால் அதே வேகத்தில் நிற்கும் தூரம் சுமார் 27 மீட்டராக நீள்கிறது. ஓட்டுபவர் ஆபத்தை உணர்ந்து காலை மிதிக்க ஒரு விநாடி ஆகுமானால், அதற்குள் வண்டி மேலும் 7 மீட்டர் சென்றிருக்கும். பள்ளிக்கூட வாசலில் ஒரு குழந்தை குறுக்கே ஓடி வருமானால், இந்த 34 மீட்டரின் பொருள் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை.

சரிவில் நிலைமை இன்னும் மோசமாகிறது. 20 மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் சாலையில், பாரமே வண்டியை 400 கிலோ விசையோடு கீழ்நோக்கி இழுக்கும். எஞ்சிய 320 கிலோவைக் கொண்டு வண்டியை நிறுத்த 61 மீட்டர் வேண்டும். 10 மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் கால்வாய்க் கரைச் சரிவிலோ, கீழ்நோக்கி இழுக்கும் விசை 800 கிலோ. பிரேக்கின் விசை 720 கிலோ. அங்கே அவ்வண்டி நிற்கவே நிற்காது. "சிறிய கியரில் இறங்கினால் எஞ்சின் பிடித்துக்கொள்ளுமே" என்பர். சிறிய கியரில் இறங்குவது நல்ல பழக்கமே. பிரேக் சூடேறாமல் அது காக்கும். எனினும் எஞ்சினின் தடையும் அதே பின் சக்கரங்களின் வழியாகவே சாலையை அடைகிறது. டயரின் பிடிப்புக்கு மேற்பட்ட விசையை எஞ்சினாலும் தர முடியாது.

டிரெயிலரின் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் அமைத்து, அவற்றின் பிடிப்பில் பாதியை மட்டுமே பயன்படுத்தினாலும் கூடுதலாக 1,800 கிலோ தடை விசை கிடைக்கிறது. சமதளத்தில் 27 மீட்டர் என்பது 8 மீட்டராகக் குறையும். முதற் சரிவில் 61 மீட்டர் என்பது 9 மீட்டராகும். நிற்கவே முடியாதிருந்த இரண்டாம் சரிவிலும் வண்டி 12 மீட்டருக்குள் நின்றுவிடும். பாரம் எங்கே இருக்கிறதோ அங்கே பிரேக்கும் இருக்கவேண்டும் என்பதே இக்கணக்கின் சாரம்.

தள்ளுவதால் விளையும் தீங்கு

தூரம் மட்டுமே ஆபத்தன்று. பிரேக் இல்லாத டிரெயிலர், முன்வண்டி வேகம் குறைந்தவுடன் அதனைப் பின்னிருந்து தள்ளத் தொடங்குகிறது. நேர்க்கோட்டிலிருந்து சிறிது விலகியிருந்தாலும் அத்தள்ளுதல் டிராக்டரைப் பக்கவாட்டில் திருப்பி, பேனாக்கத்தி மடிவதுபோல இரு வண்டிகளையும் மடக்கிவிடும். வயலில் திரும்புவதற்காக இடது, வலது பிரேக் மிதிகள் தனித்தனியே அமைக்கப்பட்டிருக்கின்றன. சாலைக்கு வரும்போது அவ்விரண்டையும் தாழிட்டு இணைக்காவிட்டால், ஒரு பக்கம் மட்டும் பிடித்து இவ்விபத்து இன்னும் எளிதில் நேரும்.

2022 அக்டோபரில் கான்பூர் மாவட்டத்திலும், 2024 பிப்ரவரியில் காஸ்கஞ்ச் மாவட்டத்திலும் யாத்திரிகர்களை ஏற்றிச் சென்ற டிராக்டர் டிரெயிலர்கள் குளத்தில் கவிழ்ந்து, ஒவ்வொன்றிலும் இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவற்றைப் பிரேக் கோளாறு என்று கூறுவதற்கில்லை. மனிதரை ஏற்றுவதற்கு ஆகாத வண்டியில் மனிதரை ஏற்றியதே அங்கு முதற் பிழை. ஆயினும் இவ்வண்டி தடம் மாறினால் விளைவு எத்தகையது என்பதை அவை காட்டின.

எதனைத் தேர்ந்தெடுப்பது?

டிரெயிலர் பிரேக்குகளை இயக்க நான்கு வழிகள் வழக்கில் உள்ளன. முதலாவது, டிரெயிலர் தள்ளும் விசையையே கொண்டு அதன் பிரேக்கைப் பிடிக்கச் செய்யும் அமைப்பு. ஐரோப்பாவில் 3,500 கிலோ வரையுள்ள சிறு டிரெயிலர்களில் இது பெரிதும் பயன்படுகிறது. விலை குறைவு, ஆனால் தள்ளுதல் நிகழ்ந்த பிறகே வேலை செய்யும். கரும்பு ஏற்றும் டிரெயிலர் போன்ற பெரும் பாரத்திற்கு இது ஏற்றதன்று.

இரண்டாவது, மின்சார பிரேக். அமெரிக்காவில் இதுவே மிகுதி. சக்கர டிரம்மினுள் இருக்கும் மின்காந்தம், 12 வோல்ட் மின்சாரம் பாய்ந்ததும் சுழலும் பரப்பில் ஒட்டி, பிரேக் கட்டைகளை விரியச் செய்கிறது. எவ்வளவு மின்சாரம் செலுத்துவது என்பதை ஓட்டுபவரின் அருகிலுள்ள கட்டுப்பாட்டுக் கருவி தீர்மானிக்கிறது. அக்கருவியிலும் இரு வகை உண்டு. ஒன்று, ஓட்டுபவர் மெல்ல மிதித்தாலும் அழுத்தி மிதித்தாலும் முன்பே குறித்துவைத்த அளவை எட்டும்வரை விசையைக் கூட்டிக்கொண்டே போவது. மற்றொன்று, வண்டியின் வேகம் எவ்வளவு விரைவாகக் குறைகிறதோ அந்த விகிதத்தில் விசையைத் தருவது. இவற்றுள் பின்னதே மேலானது என்பதில் ஐயமில்லை. எனினும் மேடுபள்ளமான வண்டிப்பாதையில் ஏற்படும் குலுக்கல் அதன் உணர்கருவியைக் குழப்பக்கூடும்; சேறும் நீரும் மின்சார இணைப்புகளைக் கெடுக்கும்.

மூன்றாவது எண்ணெய் அழுத்தத்தாலும், நான்காவது காற்றழுத்தத்தாலும் இயங்குபவை. டிராக்டரில் கருவிகளைத் தூக்குவதற்கென்று எண்ணெய் அழுத்த அமைப்பு முன்பே இருப்பதால், மிதியின் அழுத்தத்திற்கேற்பத் திறக்கும் ஒரு வால்வைச் சேர்த்து டிரெயிலர் பிரேக்கை அதனோடு இணைப்பது இயல்பான வழி. நமது சூழ்நிலைக்கு இதுவே பொருத்தமானது எனலாம். கனரக டிரெயிலர்களுக்குக் காற்று பிரேக் சிறந்தது.

எவ்வகையாயினும் மூன்று தகுதிகளைக் கேட்டுப் பெறவேண்டும். மிதிக்கும் அளவிற்கேற்ப விசை கூடிக் குறையவேண்டும். பாரத்திற்கேற்ப அதனை மாற்றியமைக்க வழி இருக்கவேண்டும். கொக்கி கழன்று டிரெயிலர் பிரிந்துவிட்டால் பிரேக் தானே பிடிக்கவேண்டும். மூன்றாவது புதிய கருத்தன்று. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1872-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற தானியங்கி ரயில் பிரேக்கின் அடிப்படையே அதுதான்: குழாயில் காற்று குறைந்தால் பிரேக் பிடிக்கும். பழுது ஏற்பட்டால் வண்டி ஓடுவதைவிட நிற்பதே மேல் என்பது ரயில்வே கற்ற பாடம். அது டிரெயிலருக்கும் பொருந்தும்.

சீர்படுத்தும் முறை

விலையுயர்ந்த கட்டுப்பாட்டுக் கருவியைப் பொருத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுவது தவறு. சக்கரத்திலுள்ள பிரேக் செம்மையாக இல்லாதபோது எக்கருவியாலும் பயனில்லை. ஆகவே முதலில் ஒவ்வொரு சக்கரத்தையும் ஜாக்கியால் உயர்த்தி, பிரேக் கட்டை டிரம்மில் உரசும்வரை திருகைத் திருப்பி, பின்னர்ச் சக்கரம் தடையின்றிச் சுழலும் அளவுக்கு மட்டும் தளர்த்த வேண்டும். இரு பக்கமும் சமமாக இருத்தல் அவசியம்.

அடுத்து, போக்குவரத்து இல்லாத சமமான உலர்ந்த சாலையில், வழக்கமான பாரத்தோடு மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் சென்று பிரேக் பிடித்துப் பார்க்கவேண்டும். பின்னிருந்து இடிப்பது தெரிந்தால் டிரெயிலரின் பிரேக் போதவில்லை; விசையைச் சிறிது சிறிதாகக் கூட்டவேண்டும். பின்னோக்கி வெட்டி இழுத்தாலோ, டிரெயிலரின் சக்கரம் சுழலாமல் தேய்ந்தாலோ விசை மிகுதி, குறைக்கவேண்டும். சக்கரம் பூட்டிக்கொள்ளும் நிலைக்குச் சற்றுக் கீழே, டிரெயிலர் தன் பாரத்தைத் தானே தாங்கி நேராக நிற்பதே சரியான அமைப்பு. சில முறை நிறுத்திய பின் டிரம்களின் அருகே, தொடாமல், கையை வைத்துப் பார்த்தால் வெப்ப வேறுபாடு தெரியும். ஒரு பக்கம் மிகுந்த சூடு என்றால் அங்கே சமநிலை இல்லை.

பெரும்பாலோர் மறப்பது ஒன்றுண்டு. ஆலையில் கரும்பை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் டிரெயிலரில், பாரத்தோடு வைத்த அமைப்பை அப்படியே விட்டால் சக்கரங்கள் உடனே பூட்டிக்கொண்டு வண்டி பக்கவாட்டில் வீசப்படும். மழையில் நனைந்த சாலையிலும் அவ்வாறே. ஆதலால் சீர்படுத்துதல் பட்டறைக்காரர் ஆண்டுக்கொருமுறை செய்யும் வேலையன்று. ஓட்டுபவர் பாரம் மாறும்போதெல்லாம் செய்யவேண்டிய வேலை.

யார் செய்வது?

செலவைக் காட்டி இதனைத் தள்ளிப்போடுவோர் உண்டு. அவர்கள் கூற்றைப் புறக்கணிப்பதற்கில்லை. ஒரு பருவத்து வருமானத்தை நம்பியிருப்பவருக்கு எச்செலவும் பெரிதே. ஆனால் செலவில்லாத காரியங்களும் பல உண்டு. மிதிகளைத் தாழிடுவது, இருக்கும் பிரேக்கைச் சீர்படுத்துவது, சரிவின் தலைப்பிலேயே சிறிய கியருக்கு மாறுவது, பாரத்தைக் குறைப்பது, மட்கார்டின் மீது யாரையும் உட்கார விடாதிருப்பது ஆகியவற்றிற்குக் காசு வேண்டாம்.

1955-ஆம் ஆண்டு முதல் மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் இயங்கிவரும் மத்திய அரசின் பண்ணை யந்திரப் பயிற்சி நிலையத்திலும், நாடெங்குமுள்ள வேளாண் அறிவியல் நிலையங்களிலும் டிராக்டர் பற்றிய பயிற்சி பெற்றவர்கள் ஊர்தோறும் இருக்கிறார்கள். அரைவைப் பருவம் தொடங்குமுன் ஒரு நாளை இதற்கென ஒதுக்கி, ஆலை வாசலிலோ கொள்முதல் நிலையத்திலோ மேற்கூறிய சோதனையைக் கள ஊழியர்கள் செய்துகாட்டலாம். நூறு துண்டுப் பிரசுரங்களைவிட, நிற்காத வண்டி ஒன்றும் நின்ற வண்டி ஒன்றும் அருகருகே விட்ட தடங்கள் அதிகம் பேசும்.

ஆசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. இரண்டு பென்சில்களை முனையோடு முனையாக நூலால் தளர்த்திக் கட்டி மேசைமேல் வைத்து, முன்னதைப் பிடித்து இழுத்தால் இரண்டும் நேராக வரும். பின்னதைத் தள்ளினால் மடிந்துவிடும். வேகம் இருமடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்ற விதியைக் கரும்பலகையில் எழுதும் ஆசிரியர், அதனோடு இப்பென்சில்களையும் காட்டுவாரானால், அவ்வகுப்பில் இருக்கும் ஓட்டுநரின் மகனோ மகளோ அன்று மாலையே வீட்டில் ஒரு கேள்வி கேட்கக்கூடும்: "அப்பா, நம்ம டிரெயிலருக்கு பிரேக் இருக்கா?" அக்கேள்விக்கு 'இருக்கிறது' என்று கூறக்கூடிய நிலையை உண்டாக்குவதே இத்துறையில் பணிபுரிவோர் அனைவரின் கடமையாகும்.