தபால்தலை இல்லாத கடிதங்கள்

ஒரே நாட்டு மக்கள் ஒருவரையொருவர் கொல்லும்போது சாதாரணப் படைவீரன் என்ன நினைக்கிறான்? தளபதிகளின் அறிக்கைகளில் இதற்குப் பதில் இல்லை. அவன் வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் உண்டு.

1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரு தரப்பு வீரர்களும் தபால்தலை ஒட்டாமலே கடிதம் அனுப்பலாம். பெறுபவர் காசு கொடுப்பார். ஏழைத் தாய் ஒருத்தி கடன் வாங்கியாவது அதைப் பெற்றிருப்பாள் என்றே நாம் எண்ணுகிறோம். தணிக்கை பெரும்பாலும் இல்லை. ஆகவே கல் போன்ற ரொட்டி, பேன், வயிற்றுப்போக்கு, அறுவடை என்னாயிற்றோ என்ற கவலை எல்லாம் அப்படியே வீடு வந்து சேர்ந்தன. (அப்போரில் குண்டுக்குப் பலியானவர்களைவிட நோயில் மாண்டவர்களே அதிகம்.)

வீட்டிலிருந்து சென்ற கடிதங்களுக்கும் வலிமை இருந்தது. பிள்ளைகள் பட்டினி என்று மனைவி எழுதியதைப் படித்துப் படையை விட்டு ஓடிய தென்பகுதி வீரர்கள் பலர். ஓடிப் பிடிபட்டவர்களில் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களைக் கோழைகள் என்று சொல்ல நாம் துணியமாட்டோம்.

வடபகுதியில் வெள்ளை வீரனுக்கு மாதம் 13 டாலர்; கறுப்பின வீரனுக்கு 10, அதிலும் உடைக்கு 3 பிடித்தம். மாசசூசெட்ஸ் 54ஆம் படைப்பிரிவினர் அந்த ஊதியத்தை வாங்க மறுத்தனர். வீடுகளில் அடுப்பு எரியவில்லை. சம ஊதியச் சட்டம் 1864 ஜூனில்தான் வந்தது.

சூடானில் 2023 ஏப்ரலில் உள்நாட்டுப் போர் மூண்டது. 2024 பிப்ரவரியில் நாட்டின் பெரும்பகுதியில் தொலைபேசியும் இணையமும் நின்றுபோயின. மகன் எந்தத் தரப்பில் நின்றாலும், உயிரோடு இருக்கிறானா என்று தாய்க்குத் தெரிய வழியில்லை. நம் செய்திகளிலோ இரண்டு தளபதிகளின் பெயர்கள்தாம் வந்துகொண்டிருந்தன.