300 நொடிகளின் கணக்கு

"இரண்டு பாயிண்ட் எடுத்துட்டு, மேலேயே படுத்துக்கிட்டு ஜெயிச்சுட்டான் சார்!" பிரேசிலியன் ஜியு ஜிட்சு போட்டி நடக்கும் எந்த அரங்குக்குப் போனாலும் இந்தப் புகார் காதில் விழும். தோற்ற பையனின் அப்பா சொல்வார். சில சமயம் பயிற்சியாளரே சொல்வார். எனக்கு இதில் உடன்பாடில்லை. முன்னிலையில் இருப்பவருக்கு அதைக் காப்பாற்றிக்கொள்ள உரிமை உண்டு. அதைப் பறிப்பது பின்தங்கியவரின் பாடு. அவர் ஏன் பறிக்கவில்லை என்று பார்த்தால், பல நேரம் வித்தை தெரியாததால் இல்லை. கையில் பிடி நிற்கவில்லை, மூச்சு இல்லை, எத்தனை நொடி மிச்சம் என்பதும் தெரியவில்லை.

பகலில் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவன் நான். மாலையில், என்னில் பாதி வயதுப் பிள்ளைகளோடு சென்னையில் ஒரு பயிற்சிக்கூடத்தில் உருண்டு புரள்கிறேன். போட்டிகளில் எங்கள் பிள்ளைகள் ஆடும்போது மேட் விரிப்பின் ஓரத்தில் நின்று நேரம் சொல்லும் வேலை என்னுடையது. அங்கே நின்று பார்த்ததை வைத்தே சொல்கிறேன்: நம் பயிற்சிக்கூடங்கள் பூட்டுகளைக் கற்றுக்கொடுக்கும் அளவுக்கு நேரத்தைக் கற்றுக்கொடுப்பதில்லை.

விளையாட்டு தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். இது பெரும்பாலும் தரையில் நடக்கும் மல்யுத்தம். கழுத்தை நெரித்தோ மூட்டைப் பூட்டியோ எதிராளியைக் கையால் தட்டிச் சரணடைய வைத்தால் ஆட்டம் அதோடு முடிந்தது. இல்லையென்றால் புள்ளிக் கணக்கு. ஐபிஜேஜேஎஃப் எனும் சர்வதேசக் கூட்டமைப்பின் விதிப்படி, கீழே வீழ்த்தினால் 2. அடியிலிருந்து புரட்டி மேலே வந்தால் 2. எதிராளியின் கால்களைத் தாண்டி அமுக்கினால் 3. மார்பில் ஏறி உட்கார்ந்தாலோ முதுகைப் பிடித்தாலோ 4. எதுவானாலும் அந்த நிலையில் 3 நொடி நிலைக்க வேண்டும். பெரியவர்கள் பிரிவில் வெள்ளை பெல்ட்டுக்கு 5 நிமிடம், நீலத்துக்கு 6, ஊதாவுக்கு 7, பழுப்புக்கு 8, கறுப்புக்கு 10. என்னைப் போல் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு எந்த பெல்ட்டானாலும் 5 நிமிடம்தான்.

5 நிமிடம் என்றால் 300 நொடி. புதிதாக வரும் வெள்ளை பெல்ட் பையன் அதை எப்படிச் செலவழிக்கிறான் என்று பாருங்கள். நடுவர் கையசைத்ததும் பாய்ந்து போய் எதிராளியின் காலரை இரண்டு கையாலும் பிடிக்கிறான். கி எனும் அந்த அங்கியின் காலர் தடித்த பருத்தித் துணி. விரல் முட்டி வெளுக்கும் அளவுக்கு இறுக்குகிறான். தாடையும் இறுகுகிறது, மூச்சும் நின்றுவிடுகிறது. இறுகிய தசை தனக்கு வரும் ரத்தத்தைத் தானே அடைத்துக்கொள்ளும். அதனால் ஒரு நிமிடம் தாண்டுவதற்குள் முன்கை கல்லாகிவிடும். அப்புறம் விரல் மூடாது, பிடித்தது வழுக்கும். இன்னும் 240 நொடி இருக்கிறது. பையன் முதல் தேதியே சம்பளத்தைத் தீர்த்துவிட்டவன் மாதிரி முழிக்கிறான். அவனைவிடப் பலம் குறைந்த எதிராளி நிதானமாகப் புரட்டி மேலே வந்து அமுக்கிக்கொள்கிறான். அப்பாவின் புகார் இங்கேதான் பிறக்கிறது.

நேர வரம்பு வந்துதான் இந்தக் கலை கெட்டது என்று வாதிடும் பழைய மரபுக்காரர்கள் உண்டு. அவர்கள் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. 1955இல் இந்தக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான ஹீலியோ கிரேசி தன் முன்னாள் மாணவர் வால்டெமார் சந்தானாவோடு மூன்றரை மணி நேரத்துக்கும் மேல் மோதித்தான் தோற்றார். 1994 டிசம்பரில் யுஎஃப்சி எனும் கலப்புச் சண்டைத் தொடரின் நான்காவது போட்டியில், அவர் மகன் ராய்ஸ் தன்னைவிட மிகக் கனமான டான் செவர்னின் அடியில் கால் மணி நேரம் பொறுமையாகக் கிடந்து, கடைசியில் கால்களாலேயே கழுத்தைப் பூட்டி ஜெயித்தார். அந்த நிகழ்ச்சி நேரம் தாண்டி ஓடியதில், காசு கட்டிப் பார்த்த பல வீடுகளில் முடிவு வருமுன்பே ஒளிபரப்பு அறுந்துபோனது. அடுத்த போட்டியிலேயே நேர வரம்பு வந்துவிட்டது. கடிகாரம் இல்லாத இடத்தில் பொறுமையே பெரிய ஆயுதம் என்பது உண்மைதான். ஆனால், ஒரே நாளில் நூற்றுக்கணக்கானவர்கள் ஆட வேண்டிய இன்றைய போட்டிக்கு அந்தச் சொகுசு கிடையாது. கடிகாரம் வந்த பிறகும் அது இல்லாதது போலவே பயிற்சி செய்வதுதான் அபத்தம்.

கடிகாரத்தோடு ஆடுவது என்றால் என்ன என்பதற்கு, 2004இல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த உலகப் போட்டியின் திறந்த எடைப்பிரிவு இறுதியைவிட நல்ல உதாரணம் இல்லை. ரொனால்டோ ஜக்கரே சோசா புள்ளிகளில் முந்தியிருந்தார். ரோஜர் கிரேசி அவர் முழங்கையைப் பூட்டி நீட்டினார். கை பழுதானது, ஜக்கரே தட்டவில்லை. ஆட்டம் மீண்டும் தொடங்கியபோது அடிபட்ட கையைத் தன் பெல்ட்டுக்குள் செருகிக்கொண்டு, மீதி நேரம் முழுக்க நழுவி நழுவியே ஓட்டி, பட்டத்தை வாங்கிவிட்டார். அது வீரமா ஏய்ப்பா என்று இன்றும் சண்டை நடக்கிறது. கையை உடைத்துக்கொள்ளும் துணிச்சலை நான் எந்தப் பிள்ளைக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆனால் அந்த வலியிலும் புள்ளி எவ்வளவு, நேரம் எவ்வளவு என்பது அவர் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது என்பதை மறுக்க முடியாது.

அப்படியானால் முந்தியவர் சும்மாவே கிடக்கலாமா? விதி அதற்கு இடம் கொடுக்கவில்லை. முன்னேற்றம் எதுவும் காட்டாமல் 20 நொடி ஓட்டினால் நடுவர் "லூட்டே" (சண்டையிடு) என்று எச்சரித்துத் தண்டனை கொடுப்பார். முதல் முறை குறிப்போடு போகும். இரண்டாவதில் எதிராளிக்கு அட்வான்டேஜ், அதாவது புள்ளி சமமானால் கைகொடுக்கும் கூடுதல் குறி. மூன்றாவதில் 2 புள்ளி. நான்காவதில் ஆட்டத்தைவிட்டே வெளியேற்றம். அபுதாபியில் தொடங்கிய ஏடிசிசி போட்டி வேறு வழி பிடித்தது: ஆட்டத்தின் முதல் பாதியில் புள்ளியே கிடையாது, துணிந்து பூட்டுப் போடலாம். அந்த விதி வந்ததும், முதல் பாதியை மூச்சைச் சேமிக்கப் பயன்படுத்தும் ஆட்டக்காரர்களும் வந்தார்கள். எந்த விதி போட்டாலும் நேரத்தைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கே அது கைகொடுக்கும்.

நிதானம் என்றால் மந்தம் என்று அர்த்தமில்லை. 2004இல் தோற்ற அதே ரோஜர், 2009 உலகப் போட்டியில் தன் எடைப்பிரிவிலும் திறந்த பிரிவிலும் எதிர்த்த எல்லாரையும் தட்ட வைத்தார். அந்த ஆட்டங்களைப் பார்த்தால் அவசரமே தெரியாது. கால்களைக் கடப்பார், மார்பில் ஏறுவார், காலரைக் குறுக்காகப் பிடித்து நெரிப்பார். ஒவ்வொரு படியிலும் தன் உடல் பாரத்தை எதிராளி மேல் இறக்கி, அவர் மூச்சைச் செலவழிக்க வைத்துவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போவார்.

இதைப் பயிற்சியில் கொண்டுவரப் பெரிய செலவு ஒன்றுமில்லை. வாரத்தில் ஒரு நாளாவது, "நீ 2 புள்ளி பின்னால், மிச்சம் 90 நொடி" என்று சொல்லிப் பயிற்சியாளர் பயிற்சி ஆட்டத்தைத் தொடங்கட்டும். மறுமுறை அதையே திருப்பி, முந்தியவனாக ஆடச் சொல்லட்டும். கடைசி 10 நொடியில் புரட்டினால் 3 நொடி நிலைக்க நேரம் இருக்கிறதா என்பது மாணவனின் உடம்புக்கே தெரிய வேண்டும். பிடியை எப்போது விடலாம் என்பதையும், இறுக்கும்போது மூச்சை வெளியே விடுவதையும் தனிப் பாடமாகவே நடத்தலாம். ஒரே நாளில் மூன்று நான்கு ஆட்டம் ஆட வேண்டியவன், முதல் ஆட்டத்திலேயே முன்கையைத் தீர்த்துவிட்டால் பதக்க மேடை வரை போக மாட்டான்.

விரிப்பின் ஓரத்தில் பத்துப் பேர் பத்து விதமாகக் கத்துவதையும் நிறுத்த வேண்டும். "விடாதே", "அடி", "எழுந்திரு" என்ற கூச்சலில் ஆடுபவனுக்குப் பயன்படுவது ஒன்றும் இல்லை. ஒரே குரல் போதும். அது புள்ளியையும் மிச்ச நேரத்தையும் சொன்னால் போதும். போட்டி நடத்துபவர்களிடம் ஒரே ஒரு கோரிக்கை: கடிகாரத்தை மேசை அதிகாரிக்கு மட்டும் தெரியும்படி வைக்காதீர்கள். நேரத்தை வைத்துத்தான் ஜெயிக்கவும் தோற்கவும் வைக்கிறோம் என்றால், தரையில் கிடப்பவன் கண்ணுக்கும் அது தெரிய வேண்டும்.