வழக்கை அறிந்தவரே வழக்கை முடிப்பவர்

சட்டம் பயிலப் போவதாக மாணவர் ஒருவர் சொன்னால், சுற்றத்தார் அவரிடம் முதலில் கேட்கும் கேள்வி, "உனக்கு நன்றாகப் பேச வருமா?" என்பதுதான். வழக்கறிஞர் தொழில் நாவன்மையால் மட்டுமே நடப்பது என்னும் எண்ணம் நம்மிடையே அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பட்டிமன்றத்தில் பரிசு பெற்ற பிள்ளையைச் சட்டக் கல்லூரிக்கு அனுப்புகிறோம். கூச்சமுள்ள பிள்ளையை வணிகவியல் படிக்கச் சொல்கிறோம். இவ்வெண்ணம் சரிதானா என்பதை ஓர் இளம் பாரிஸ்டரின் முதற்சில ஆண்டுகளைக் கொண்டு ஆராய்ந்து பார்க்க விழைகிறோம்.

அவ்விளைஞர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. அவர் மகாத்மாவான வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். ஆயின், சிவில் வழக்குகளில் அவர் தொழில் பழகிய வரலாற்றை, சத்திய சோதனையில் அவரே ஒளிவுமறைவின்றி எழுதி வைத்திருந்தும், நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை.

விருந்துண்டு பெற்ற பட்டம்

இலண்டனில் பாரிஸ்டர்களை உருவாக்கும் பழம்பெரும் சங்கங்கள் நான்கு. அவை லிங்கன்ஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள், கிரேஸ் இன் என்பன. காந்தி 1888ஆம் ஆண்டு நவம்பரில் இன்னர் டெம்பிளில் சேர்ந்தார். பட்டம் பெற அன்று வேண்டியிருந்தவை இரண்டு. ஒன்று, தேர்வு; மற்றொன்று, பன்னிரண்டு பருவங்கள் சங்கத்தின் விருந்துகளில் கலந்துகொள்வது. ஒரு பருவத்தில் குறைந்தது ஆறு விருந்துகளிலேனும் அமர வேண்டும். நால்வர் அமரும் குழுவுக்கு இரண்டு புட்டி மது வைப்பார்கள். மதுவைத் தொடாத காந்தியைத் தங்கள் குழுவில் சேர்த்துக்கொள்ளப் பலரும் ஆர்வம் காட்டினர் என்பது சுவையான செய்தி.

தேர்வுகளோ கடினமானவை அல்ல. ஆயினும் உரோமானியச் சட்டத்தை இலத்தீன் மொழியிலேயே படித்தவர் அவர். 1891 ஜூன் 10ஆம் நாள் பாரிஸ்டராக ஏற்கப்பட்டார். 11ஆம் நாள் உயர் நீதிமன்றத்தில் பதிவு செய்துகொண்டார். 12ஆம் நாள் தாயகத்திற்குக் கப்பல் ஏறினார்.

இன்று இங்கிலாந்தில், பட்டம் பெற்ற பாரிஸ்டர் ஒருவர் மூத்தவரிடம் ஓராண்டுப் பயிற்சி பெறாமல் தனித்துத் தொழில் நடத்த இயலாது. அன்று அக்கட்டாயம் இல்லை. ஆகவே, பட்டத்தோடு திரும்பிய காந்திக்கு இந்தியச் சட்டம் ஒன்றும் தெரியாது. இந்துச் சட்டமும் தெரியாது, இஸ்லாமியச் சட்டமும் தெரியாது. வழக்குரை ஒன்றை வரையும் முறைகூட அவருக்குக் கைவரவில்லை.

நாவெழாத நாள்

பம்பாயில் தொழில் தொடங்கியவரிடம் வழக்குக் கொண்டுவரும் தரகருக்குக் கழிவு கொடுக்க வேண்டும் என்றார்கள். அவர் மறுத்துவிட்டார். அப்படியும் சிறுவழக்கு நீதிமன்றத்தில் ஒரு வழக்கு அவரைத் தேடி வந்தது. கட்டணம் முப்பது ரூபாய். ஒரு நாளில் முடிந்துவிடக் கூடிய எளிய வழக்கு. பிரதிவாதியின் சார்பில் எழுந்து, வாதியின் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். எழுந்தார், தலை சுற்றியது, கேட்க ஒரு கேள்வியும் தோன்றவில்லை. அப்படியே அமர்ந்துவிட்டார். கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஐம்பத்தொரு ரூபாய்க்கு வேறொரு வழக்கறிஞர் அமர்த்தப்பட்டார். காந்தி வெட்கத்தோடு நீதிமன்றத்தை விட்டு வெளியேறினார். தென்னாப்பிரிக்கா செல்லும் வரை அவர் மீண்டும் நீதிமன்றத்தில் வாதாட எழவேயில்லை.

நாவன்மைதான் வழக்கறிஞருக்கு அளவுகோல் என்றால், காந்தியின் தொழில் அன்றே முடிந்திருக்க வேண்டும். ராஜ்கோட்டுக்குத் திரும்பி, மனுக்கள் எழுதிக் கொடுத்து மாதம் முந்நூறு ரூபாய் அளவில் ஈட்டினார். அங்கேதான் பேச்சிலிருந்து எழுத்துக்கு, மேடையிலிருந்து மேசைக்கு அவர் இறங்கி வந்தார். அதை அவருடைய வளர்ச்சி என்றே நாம் கருதுகிறோம்.

புரோநோட்டு என்றால் என்ன?

1893ஆம் ஆண்டு, போர்பந்தரைச் சேர்ந்த மேமன் வணிகர்களான தாதா அப்துல்லா நிறுவனத்தார், தென்னாப்பிரிக்காவில் நடந்த தம் வழக்கில் உதவுவதற்காக அவரை அழைத்தனர். நாற்பதாயிரம் பவுன் கோரும் பெருவழக்கு அது. எதிர்தரப்பினரான தையப் சேட், அப்துல்லா சேட்டின் உறவினர். அதே ஊரைச் சேர்ந்தவர். காந்திக்கு ஓராண்டுப் பணி. போகவர முதல் வகுப்புப் பயணம். உணவு, உறைவிடச் செலவு நீங்கலாக நூற்றைந்து பவுன் ஊதியம். வாதாடும் பொறுப்பு அவருடையதன்று. குஜராத்திக் கடிதங்களை மொழிபெயர்ப்பதும், ஆவணங்களைத் தொகுப்பதும், வழக்குரைக்கும் மூத்தோருக்கு விவரங்களை ஆயத்தம் செய்வதுமே அவர் வேலை. ஒரு ஜூனியரின் வேலை என்பது இதுதான்.

வழக்கோ பெரிதும் கணக்குகளைப் பற்றியது. கணக்கியல் அவர் பயிலாத பாடம். நிறுவனத்தின் எழுத்தர் பற்று, வரவு என்று விளக்க விளக்கக் குழப்பமே மிகுந்தது. ஏடுகளில் கண்ட 'பி. நோட்' என்னும் சொல்லுக்கு அகராதியில் பொருள் தேடினார், கிடைக்கவில்லை. நம் ஊரில் புரோநோட்டு என்று வழங்கும் கடன் உறுதிச் சீட்டுதான் அது. இலண்டனில் பட்டம் பெற்ற பாரிஸ்டர், தம் அறியாமையை அந்த எழுத்தரிடமே ஒப்புக்கொண்டு கேட்டுத் தெரிந்துகொண்டார். கணக்கியல் நூல் ஒன்றை விலைக்கு வாங்கிப் படித்தார். பின்னர் பிரிட்டோரியாவில் அமர்ந்து, வழக்கின் தாள்கள் அனைத்தையும் ஒன்றுவிடாமல் படித்தார். நிகழ்ந்தவற்றை முற்ற அறிந்துகொண்டால், சட்டத்தின் பெரும்பகுதி தானே துணைக்கு வரும் என்பதை அப்போது உணர்ந்தார். பம்பாயில் எழாத துணிவு இங்கே எழுந்தது. பேசப் பழகியதால் எழுந்த துணிவு அன்று அது. தம் கட்சிக்காரரின் பக்கம் வலுவானது என்பதை வரிவரியாக அறிந்ததால் எழுந்தது.

வென்றபின் விட்டுக்கொடுத்தல்

வழக்கு வலுவானது என்று அறிந்த வேளையிலேயே மற்றொன்றையும் அவர் கண்டார். வழக்கு நீள நீள இரு தரப்பாரும் அழிவார்கள். வழக்கறிஞர் கட்டணங்கள் ஏறிக்கொண்டே போயின. இரு வணிகர்களும் வேறெந்த வேலையிலும் கருத்தைச் செலுத்த இயலவில்லை. ஆகவே தையப் சேட்டை அணுகி, நடுவர் ஒருவரின் தீர்ப்புக்கு உடன்படுமாறு வேண்டினார். பெருமுயற்சிக்குப் பின் இரு தரப்பும் இசைந்தன. நடுவர் முன் தாதா அப்துல்லாவே வென்றார். முப்பத்தேழாயிரம் பவுனும் செலவுத் தொகையும் கொடுக்க வேண்டுமெனத் தீர்ப்பாயிற்று.

இத்துடன் ஜூனியரின் பணி முடிந்தது என்றே எவரும் எண்ணியிருப்பர். ஆனால் அவ்வளவு தொகையையும் ஒருங்கே செலுத்தினால் தையப் சேட் திவாலாவார். அந்த மேமன் வணிகர்களிடையே திவால் என்பது சாவினும் கொடியது. ஆகவே, தம் கட்சிக்காரரிடமே சென்று, நீண்ட காலத் தவணைகளில் தொகையைப் பெற்றுக்கொள்ளுமாறு காந்தி மன்றாடினார். நடுவரிடம் செல்ல இணங்கச் செய்ததினும் இது கடினமாக இருந்தது என்கிறார் அவர். இறுதியில் அப்துல்லா சேட் இணங்கினார். இருவர் மதிப்பும் ஊரில் உயர்ந்தது. பிரிந்தோரைச் சேர்த்துவைப்பதே வழக்கறிஞரின் மெய்யான தொழில் என்று காந்தி உறுதி கொண்டது இங்கேதான். பின்வந்த இருபதாண்டுத் தொழிலில் நூற்றுக்கணக்கான வழக்குகளைச் சமரசத்தில் முடித்தார். அதனால் பொருளையும் தாம் இழக்கவில்லை என்று எழுதுகிறார்.

எளியோர்க்கும் இது பொருந்துமா?

ஈண்டு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. அந்த வணிகர் இருவரும் செல்வத்தில் நிகரானவர்கள். ஒருவர் வலியவர், மற்றவர் எளியவர் என்றால், சமரசம் என்பது எளியவரின் வாயை அடைக்கும் வழியாகிவிடாதா?

இதற்கும் விடை அவர் தொழிலிலேயே கிடைக்கிறது. நேட்டாலில் வழக்கறிஞராகப் பதிந்த சில மாதங்களில், பாலசுந்தரம் என்னும் தமிழர் அழுதவண்ணம் அவர் முன் வந்து நின்றார். தலைப்பாகை கையில், முன்பற்கள் இரண்டு உடைந்திருந்தன, வாயில் குருதி. டர்பனில் ஐரோப்பியர் ஒருவரிடம் ஒப்பந்தக் கூலியாக இருந்தவர், எசமானரே அடித்திருந்தார். ஒப்பந்தக் கூலி, வேலையை விட்டு வெளியேறினால் அதுவே குற்றம் என்பது அன்றைய சட்டம். காந்தி சமரசம் பேச விரைந்து ஓடவில்லை. முதலில் மருத்துவரிடம் அனுப்பிச் சான்றிதழ் பெற்றார். அடுத்து நடுவரிடம் அழைத்துச் சென்றார். எசமானருக்கு அழைப்பாணை பிறந்தது. அதன் பின்னரே, ஒப்பந்தத்தை வேறொருவருக்கு மாற்றித் தருமாறு எசமானரிடம் பேசினார். எசமானர் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று, ஒப்பந்தமும் கைமாறியது.

இவ்விரு வழக்குகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எமக்குத் தோன்றுவது இதுவே. சமரசம் செய்துவைக்கும் தகுதி, அவ்வழக்கை நீதிமன்றத்தில் வெல்லும் அளவுக்கு அறிந்தவருக்கே உண்டு. அறியாமல் செய்யும் சமரசம் சரணடைதல் ஆகும்; அதிலும் எளியவரின் சரணடைதல் ஆகும்.

நமக்குரிய பாடம்

நம் நாட்டில் 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டம், அனைவரையும் வழக்கறிஞர் என்னும் ஒரே வகுப்பில் இணைத்துவிட்டது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89ஆம் பிரிவு 2002 முதல் நீதிமன்றத்துக்கு வெளியே தீர்வு காண வழிசெய்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரச மையம் 2005இல் தோன்றியது. 2023இல் சமரசத்திற்கெனத் தனிச் சட்டமே நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. வாயில்கள் திறந்திருக்கின்றன. எனினும், ஆவணத்தைப் படிக்காத ஜூனியர் அவ்வாயிலில் நுழைந்தால், சமரச மேசையும் மற்றுமொரு வாய்தாவாகவே முடியும்.

பெரியோர்களுக்கும் பணிவுடன் ஒரு சொல். ஊரிலும் ஜமாஅத்திலும் குடும்பச் சொத்துத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் நற்பணி தொன்றுதொட்டு நடந்து வருகிறது. ஆனால் பத்திரத்தையும் கணக்கையும் பாராமல், "குடும்பம் உடையக் கூடாது, விட்டுக்கொடுங்கள்" என்று சொல்லும்போது, விட்டுக்கொடுப்பவர் யார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அவர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போன சகோதரியாகவே இருக்கிறார். அவருக்குரிய பங்கு எவ்வளவு என்பதை முதலில் ஏட்டில் எழுதிக் காட்டிவிட்டு, அதன்பின் அவர் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அது பெருந்தன்மை. பங்கையே சொல்லாமல் கையொப்பம் வாங்கினால் அதற்குச் சமரசம் என்று பெயரில்லை. வென்ற தாதா அப்துல்லாதான் தவணைக்கு இசைந்தார். வலியவர் இறங்கி வந்ததால்தான் அந்தச் சமரசம் இன்றும் பேசப்படுகிறது.

காந்தியின் பெயரை இன்னர் டெம்பிள் 1922இல் தன் ஏட்டிலிருந்து நீக்கியது. 1988இல் மீண்டும் சேர்த்தது. எழுந்து நின்று பேச இயலாமல் அமர்ந்துவிட்ட ஒருவரின் பெயர் அது. ஆதலின், சட்டம் பயில விரும்பும் மாணவரை இனி, "பேச வருமா?" என்று கேட்பதற்கு முன், "பொறுமையாகப் படிக்க வருமா? தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வருமா?" என்று கேட்போமாக. ஆம் என்று விடை சொல்லும் பிள்ளைகளை, அவர்கள் கூச்சமுள்ளவர்களாயினும், தயங்காமல் சட்டக் கல்லூரிக்கு அனுப்பலாம்.