சான்றிதழும் சாட்சியும்

ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பகுதிகளில் உள்ள நம் பங்குகளில் பொதுநிலையினர் இருவர் கூடிப் பேசினால் போதும், சிறிது நேரத்திற்குள் ஜெபவீடுகளைப் பற்றிய பேச்சு எழுந்துவிடுகிறது. நம் மக்களை இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்று ஒருவர் அங்கலாய்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை அல்லேலூயா, திங்கட்கிழமை தாசில்தார் அலுவலகத்தில் இந்து என்று மற்றவர் கேலி செய்கிறார். இருவரும் சிரித்துக்கொள்கிறார்கள். இந்தச் சிரிப்பு நியாயமானதல்ல என்பதே நம் வாதம்.

ஜெபவீட்டுப் போதகரும் இந்தச் சிரிப்புக்கு இடம் தருகிறார் என்பதை மறுப்பதற்கில்லை. அரசியல் உலகக் காரியம், நமக்கு அது வேண்டாம் என்று அவர் பிரசங்கிக்கிறார். நம்மவர்களும் அதை அப்படியே நம்பி, அரசியல் கலவாத வெறும் ஆவேசப் பக்தி என்று அச்சபைகளுக்குப் பெயர் சூட்டிவிடுகிறார்கள். உண்மையோ நேர்மாறானது. தோல் தொழில் வட்டாரத்தில் இன்று நாம் காணும் ஆவிக்குரிய சபைகளைப் போல அரசியலால் வடிக்கப்பட்ட சமயவாழ்வு வேறொன்று இல்லை எனலாம். அதன் உருவத்தைத் தீர்மானித்ததில் அயல்நாட்டுப் பணத்தையும் போதகரின் நாவன்மையையும்விடப் பெரும் பங்கு, 1950 ஆகஸ்டு 10 அன்று டில்லியில் பிறப்பிக்கப்பட்ட ஓர் ஆணையின் மூன்றாம் பத்திக்கு உண்டு.

இந்து சமயத்தைத் தவிர வேறு சமயத்தைக் கடைப்பிடிப்பவர் எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்றது அந்தப் பத்தி. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவருக்கும் இஸ்லாமியருக்கும் திறக்கவில்லை. திருமுழுக்குப் பெற்ற தலித் குடும்பத்தைத் தமிழக அரசு பிற்படுத்தப்பட்டோர் வரிசையில் வைத்திருக்கிறது. ஆகவே அந்தக் குடும்பத்துப் பிள்ளை தன்னைவிடப் பன்மடங்கு வலுவான சாதிகளோடு போட்டியிட்டாக வேண்டும். பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சி வார்டிலோ, குடியாத்தம், கே.வி.குப்பம், அரக்கோணம் ஆகிய தனித்தொகுதிகளிலோ நிற்க முடியாது. சாதி சொல்லி அடித்தவன்மேல் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுக்கவும் வழியில்லை. ஊரார் மட்டும் பழைய பெயராலேயே அழைப்பார்கள். சேரி இடம் மாறாது.

இந்த ஆணை உச்சநீதிமன்றத்தில் உரைத்துப் பார்க்கப்பட்ட முதல் பெரிய வழக்கே ஒரு தோல் தொழிலாளியின் வழக்கு என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? சென்னையில் சாலையோரத்தில் செருப்புத் தைத்துவந்த சூசை என்பவர் ஆதிதிராவிடர், கிறிஸ்தவர். அவரைப் போன்ற தொழிலாளிகளுக்கு அரசு இலவசப் பெட்டிக்கடைகள் வழங்கியது. பக்கத்தில் அமர்ந்து அதே ஊசியால் அதே தோலைத் தைத்த இந்துவுக்குக் கடை கிடைத்தது, சூசைக்குக் கிடைக்கவில்லை. 1985இல் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பின்னரும் அதே அளவு சமூக இழிவும் பொருளாதாரத் தாழ்வும் தொடர்கின்றன என்பதற்குப் போதிய ஆதாரம் காட்டப்படவில்லை என்று கூறி, நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. வெயிலில் சாக்கு விரித்து அமர்ந்திருந்த மனிதரைவிட வேறென்ன ஆதாரம் வேண்டியிருந்ததோ, நமக்கு விளங்கவில்லை.

இனி ஜெபவீட்டுக்கு வருவோம். சந்துக்குள் ஒரு தகரக் கொட்டகை, அல்லது ஒருவர் வீட்டு மாடி. அங்கே பங்கு என்ற எல்லை கிடையாது. மறைமாவட்ட அலுவலகம் கிடையாது. தலைமுறை தலைமுறையாகப் பாதுகாக்கப்படும் திருமுழுக்குப் பதிவேடு பெரும்பாலும் கிடையாது. நம் பெருமையே அந்தப் பதிவேடுதான். ஆனால் அது யாருக்கு எதிராகப் பயன்படுகிறது என்று பாருங்கள். 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம், எழுத்தர் பணிக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கோரிய புதுச்சேரிப் பெண் ஒருவரின் மனுவைத் தள்ளுபடி செய்தது. தாம் இந்து என்றே அவர் வாதிட்டார். குழந்தைப் பருவத்தில் கத்தோலிக்க ஆலயத்தில் அவருக்கு அளிக்கப்பட்ட திருமுழுக்கு அவருக்கு எதிரான சான்றாக நின்றது. சலுகைக்காக மட்டும் சமயத்தை மாற்றிச் சொல்வது அரசமைப்புச் சட்டத்தை ஏமாற்றுவதாகும் என்று நீதிமன்றம் கண்டித்தது.

ஓர் ஏழைத் தாயின் இடத்தில் நின்று இதைச் சிந்திக்க வேண்டும். காலணித் தொழிற்சாலையில் மேல்தோல் தைக்கிறாள். மகள் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். ஒருபுறம், பெயரை மையால் எழுதி, பெட்டியில் பூட்டி, கேட்டவருக்கு நகல் கொடுக்கும் ஆலயம். மறுபுறம், பெயர் கேட்காமல் தலைமேல் கைவைத்துச் செபிக்கும் கொட்டகை. அவள் கொட்டகைக்குப் போகிறாள். இதைக் கபடம் என்று நாம் சொல்லத் துணியலாமா? நிக்கதேமு இரவில் வந்தபோது, பகலில் வா என்று ஆண்டவர் திருப்பி அனுப்பவில்லையே! அந்தச் சபையின் இறுக்கமற்ற அமைப்பு, தனிமனித மனமாற்றத்தின்மேல் அது வைக்கும் அழுத்தம், உள்ளத்தில் ஏற்றுக்கொண்டால் போதும் என்ற போதனை ஆகியவற்றை வெறும் இறையியல் முடிவுகளாகக் கொள்ளலாகாது. சான்றிதழுக்கு அஞ்சி வாழும் மக்களுக்குப் பொருந்துமாறு வளைந்துகொண்ட விசுவாசம் அது.

2002 அக்டோபரில் கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் வந்தபோது அந்த அச்சம் இன்னும் ஆழமாயிற்று. மதமாற்றச் சடங்கை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது சட்டம். மாற்றப்பட்டவர் பெண்ணாகவோ சிறுவராகவோ பட்டியல் இனத்தவராகவோ இருந்தால் தண்டனை கூடுதல் என்றும் சொன்னது. பெண்ணும் தலித்தும் தாமாக ஒரு கடவுளைத் தேர்ந்துகொள்ளும் அறிவற்றவர்கள் என்பதே இதன் உட்பொருள். 2004 மக்களவைத் தேர்தலில் ஆளுங்கட்சி ஓரிடமும் பெறாமல் தோற்ற பிறகே அச்சட்டம் கைவிடப்பட்டது. அரசியல் வேண்டாம் என்ற போதகரும் அந்த முடிவுக்காக ஆண்டவருக்கு நன்றி செலுத்தியிருப்பார் என்றே எண்ணுகிறோம்.

அவருக்கும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். சுவிசேஷப் பணி இந்த மண்ணில் ஒருபோதும் ஆன்மாவோடு மட்டும் நின்றதில்லை. 1853இல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய அமெரிக்க ஆற்காடு மிஷன் சுவிசேஷம் சொல்லவே வந்தது. ஆண் மருத்துவரிடம் காட்டமாட்டோம் என்ற கட்டுப்பாட்டால் பிரசவத்தில் மடிந்த பெண்களைக் கண்டே அக்குடும்பத்து ஐடா ஸ்கடர் மருத்துவரானார். 1900இல் ஒற்றைப் படுக்கையோடு அவர் தொடங்கியதுதான் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக வளர்ந்து நிற்கிறது. ஆம்பூரில் வேரூன்றிய மிசூரி லுத்தரன் பணியும் பள்ளியும் மருத்துவமனையும் கட்டாமல் இருக்கவில்லை. சமூகத்தின் புண்ணே அவர்களது விசுவாசத்திற்குக் கை கால் முளைக்கச் செய்தது.

இன்றைய ஜெபவீட்டில் சாட்சி சொல்ல எழுகிறவர்களைக் கேளுங்கள். மூச்சிரைப்பு நீங்கியது, தோல் அரிப்பு நின்றது, கடன்காரன் மனம் இளகினான். ஒவ்வொன்றும் தோல் பதனிடும் தொழிலின் வரலாற்றில் ஓர் ஏடு. இந்தத் தொழிலால் தமிழகத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயனற்றுப் போயிற்று என்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்சநீதிமன்றமே பதிவு செய்தது. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் சேற்றில் மூழ்கி மாண்டனர். 2025 ஜனவரியில் அதே உச்சநீதிமன்றம் பாலாற்றுப் பாதிப்புக்கு இழப்பீடு வழங்குமாறு மீண்டும் ஆணையிட நேர்ந்தது. அரிப்பு நீங்கியதற்கு நன்றி சொல்லும் சபை, அரிப்பு வந்த வழியைப் பற்றி ஏன் வாய் திறப்பதில்லை? அமெரிக்காவில் 1979இல் மாரல் மெஜாரிட்டி இயக்கம் தோன்றியது முதல் சுவிசேஷச் சபையினர் பலர் வாக்குப்பெட்டியைத் தங்கள் பலமாகக் கொண்டனர். அங்கே தைத்த செருப்பு வாங்கப்படுகிறது, இங்கே தோல் உரிக்கப்படுகிறது. அங்கே உரத்துப் பேசவைப்பது அதிகாரம் என்றால், இங்கே வாயடைக்க வைப்பது அது இல்லாமை. இரண்டும் அரசியலே.

ஆனால் போதகரைக் கேட்கும் உரிமை நமக்கு எந்த அளவுக்கு உண்டு? இந்தியக் கத்தோலிக்கர் ஒரு கோடியே தொண்ணூறு லட்சம் பேரில் ஒரு கோடியே இருபது லட்சம் பேர் தலித்துகள் என்று ஆயர் பேரவையே 2016ஆம் ஆண்டுக் கொள்கை அறிக்கையில் ஒப்புக்கொண்டது. தமிழக ஆயர்கள் பத்து அம்சத் திட்டம் அறிவித்தது 1990இல். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2008 மார்ச்சில், விழுப்புரம் மாவட்டம் எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தனிப்பங்கு கேட்டதைத் தொடர்ந்து மூண்ட மோதல் துப்பாக்கிச் சூட்டில் முடிந்து இருவர் உயிரைக் குடித்தது. தனிக் கல்லறையும் தனித் தேரோட்டமும் அனுபவித்தவனுக்கு, எல்லோரும் ஒரே பாயில் அமரும் கொட்டகை என்னவாகத் தோன்றும்?

பேதுரு யோப்பாவில் பல நாள் தங்கியது தோல் பதனிடும் சீமோன் வீட்டில் என்று திருத்தூதர் பணிகள் கூறுகிறது. நாற்றத்தின் காரணமாக ஊர் ஒதுக்கிய தொழில் அது. அந்த வீட்டு மாடியில் செபிக்கும்போதுதான் தீட்டு என்று எதையும் எவரையும் சொல்லலாகாது என்ற பாடம் முதல் திருத்தந்தைக்குக் கிடைத்தது. நம் மாடி வீட்டார் எத்தனை பேர் தோல் தொழிலாளி வீட்டில் ஒருவேளை உண்டிருக்கிறார்கள்?

மூன்றாம் பத்தியை எதிர்த்த மனுக்கள் 2004 முதல் உச்சநீதிமன்றத்தில் ஏறி இறங்கிவந்திருக்கின்றன. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் அப்பத்தியை நீக்கப் பரிந்துரைத்தது. 2022இல் நீதியரசர் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. ஆண்டுதோறும் ஆகஸ்டு 10ஐ நாம் கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறோம். அந்நாளில் அடுத்த தெரு ஜெபவீட்டாரை அழைத்த பங்குகள் எத்தனை? வரும் ஆண்டு அழைத்துப் பாருங்கள். பலர் வரமாட்டார்கள். உலகக் காரியம் என்று காரணம் சொல்வார்கள். கறுப்புக் கொடியோடு நிற்கும் புகைப்படம் செய்தித்தாளில் வந்தால் மகளின் சான்றிதழ் பறிபோகும் என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள்.