புதைப்பதற்கு முன் கேட்க வேண்டியவை: பாரூர் வட்டார மக்களுக்கு ஒரு வேண்டுகோள்

கூடங்குளத்தின் அணுக்கழிவு கோலார் தங்கவயலின் கைவிடப்பட்ட சுரங்கங்களில் புதைக்கப்படப் போவதாக 2012 நவம்பரில் செய்தி பரவியதும், தமிழர் பெருவாரியாக வாழும் அவ்வூரில் கிளர்ச்சி எழுந்தது. அப்படியொரு திட்டமே இல்லை என்று ஒன்றிய அரசு மறுத்தது. ஆயினும் அந்த அச்சம் காரணமில்லாமல் பிறந்ததன்று. பாறை எவ்வளவு வெப்பம் தாங்கும் என்பதை அறிய, 1980களில் அங்கே ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழத்தில் மின்சூடேற்றிகளைக் கொண்டு ஆய்வு நடந்ததுண்டு. கிருஷ்ணகிரி மாவட்ட எல்லைக்கு அப்பால் நடந்தவை என்று இவற்றைத் தள்ளிவிட இயலாது என்பதே பாரூர், போச்சம்பள்ளி, ஓசூர் வட்டாரங்களின் உழவர்களும் தொழிலாளர்களும் ஆசிரியர்களும் சேர்ந்த இக்குழுவின் கருத்து.

கழிவு என்றதும் இப்பகுதியினரின் கண்முன் வருவது கெலவரப்பள்ளி அணை மதகில் பஞ்சுப்பொதியாகப் பொங்கும் நுரை. நெடுங்கல் அணைக்கட்டு வழியே பாரூர் பெரிய ஏரிக்கு வருவதும் அதே தென்பெண்ணை நீர்தான். ஆற்றில் கலந்த சாயத்தையும் சோப்பையும் திரும்பப் பிரிப்பது அரிது. அணுஉலையிலிருந்து வெளிவருவது வேறு வகை: சென்னை அணுமின் நிலையம் போன்ற கனநீர் உலைகளில் பயன்படும் எரிபொருள் கட்டு அரை மீட்டர் நீளமே உள்ள, 19 குழல்களை ஒன்றாகப் பிணைத்த உருளை. அது வேலை முடிந்து வெளியே வரும்போதும் அதில் ஏறக்குறைய 99 விழுக்காடு யுரேனியமாகவே இருக்கிறது. அரை விழுக்காட்டுக்கும் குறைவான புளூட்டோனியமும் எரிபொருளே. மெய்யான கழிவு ஒரு விழுக்காட்டை எட்டாது. கொடிய கதிர்வீச்சு பெரும்பாலும் அதில்தான்.

இவற்றைப் பிரித்தெடுப்பதே மறுசெயலாக்கம். கட்டுகளைச் சில ஆண்டுகள் நீர்த்தொட்டியில் ஆறவிட்டு, துண்டாக்கி, நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, கரைப்பான் கொண்டு யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் தனித்தனியே பிரித்தெடுக்கிறார்கள். எஞ்சுவதைப் போரோசிலிகேட் கண்ணாடியோடு உருக்கி இறுக வைக்கிறார்கள். மறுசெயலாக்கம் டிராம்பேயில் 1964 முதல் தெரிந்த கலை. மீட்ட புளூட்டோனியத்தை எரித்துக்கொண்டே புதிய எரிபொருளையும் ஈனும் வேக ஈனுலையின் சோதனை வடிவம் கல்பாக்கத்தில் 1985இல் இயங்கத் தொடங்கியது. 500 மெகாவாட் முன்மாதிரி உலையோ 2004இல் கட்டத் தொடங்கப்பட்டு, இருபது ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. மறுசெயலாக்கத்தை ஆதரிப்போர் இந்தத் தாமதத்தை மறைக்க வேண்டியதில்லை. கண்ணாடியாக இறுகிய எச்சத்தை நெடுங்காலம் காக்கும் பொறுப்பும் நீங்கிவிடாது.

இவ்வளவு பொறுப்பு இருந்தும் அணுமின்சாரத்தை நாடுவோருக்கும் ஒரு காரணம் உண்டு: மின்சார ஸ்கூட்டர்கள் உருவாகும் போச்சம்பள்ளி சிப்காட்டுக்கு இரவிலும் மின்சாரம் தேவை. பகல் வெயில் இரவுக்கு உதவுவதில்லை, ஆடிக்காற்றும் ஆண்டு முழுதும் வீசுவதில்லை. ஆகவே புகையில்லா மின்சாரம் வேண்டுவோரும் கழிவுக்கு அஞ்சுவோரும் எதிரெதிர்த் தரப்பாகப் பிரியாமல், வருகிற கிராமசபைக் கூட்டத்தில் ஒரே தீர்மானம் கொண்டுவர வேண்டும் என்று இக்குழு கேட்டுக்கொள்கிறது. தமிழ்நாட்டு உலைகளின் எரிந்த கட்டுகளில் எவ்வளவு மறுசெயலாக்கம் பெற்றது, எவ்வளவு தொட்டிகளில் காத்திருக்கிறது, கூடங்குளத்துக் கட்டுகள் எங்கே, எப்போது போகும், கண்ணாடி எச்சம் எவர் பொறுப்பில் இருக்கிறது என்ற வினாக்களுக்கு அணுசக்தித் துறையும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமும் எளிய தமிழில் எழுத்துமூலம் விடை தர அத்தீர்மானம் கோர வேண்டும். விடை வராவிடில் தகவல் பெறும் உரிமைச் சட்டப்படி அதே வினாக்களை மனுவாக அனுப்ப வேண்டும்.